சத்தியநேசனின் ஆமென்

பக்கத்து ராஜு வீட்டம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "ரோசம்மா, போன் ஒச்சிந்தி, சீக்கிரம் ரா அம்மா" என்று கூப்பிட்டபோது ரோசம்மாள் மடி நிறையத் துணியைப் போட்டுக் கூலிக்குப் பாண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளுக்குத் தமிழ் நம்மைவிட நன்றாக வரும். பதறிப்போனால் மட்டும்தான் தெலுங்கு வரும். அதனால் போனைக் காதில் வைப்பதற்கு முன்பே நல்ல சேதி இல்லை என்று ரோசம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

பேசியது அவள் புருஷன் சத்தியநேசன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலைக்குப் போயிருந்த வயர்மேன்.

"ரோசு, கரண்ட் அடிச்சுருச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். நீ கெளம்பி வா."

"ஐயோ, ஒங்களுக்கா?"

"எனக்கில்ல. வேதத்துக்கு."

வேதசிரோமணி அவளுடைய ஒரே தம்பி. அம்மா செத்தபோது அவனுக்கு ஏழு வயசு. அன்றிலிருந்து சோறூட்டி, தலை சீவி, ஐ.டி.ஐ.யில் சேர்த்து, கல்யாணமும் செய்துவைத்தவள் அவள்தான். ஆறு வருஷமாக அத்தானோடு சேர்ந்து வயரிங் வேலை பார்க்கிறான்.

"உசுரு இருக்கா?" என்று கேட்டாள். தன் வாயா அதைக் கேட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இருக்கு, இருக்கு. நீ வா."

வீட்டுக்குத் திரும்பி வந்து அவள் செய்த காரியத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பாதியில் விட்ட பாண்டேஜைக் கடைசிவரை சுற்றி, நூல் போட்டுக் கட்டி, கூடையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் செருப்பைத் தேடினாள். அடுப்பை அணைத்தாளா, கதவைப் பூட்டினாளா, ஒன்றும் நினைவில்லை. அந்தப் பாண்டேஜ் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஐப்பசி. மேற்கு மலை கண்ணுக்கே தெரியாதபடி மேகம் இறங்கிக் கிடந்தது. பஸ்ஸில் தார்ப்பாய்த் திரையை இறக்கிவிட்டிருந்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது ரோசம்மாள், "தம்பிக்குக் கரண்ட் அடிச்சுருச்சு" என்றாள். அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு, தானே பெரியாஸ்பத்திரி இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் எவர் என்று தெரியாத அந்தக் கையை ரோசம்மாள் ஊர் வரும்வரை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் வேதம் கண்ணை மூடிக் கிடந்தான். தோள்பட்டைக்குக் கட்டு, தலைக்குக் கட்டு. வலது கையைப் பந்து மாதிரி சுற்றிவைத்திருந்தார்கள். அவள் தினமும் சுற்றுகிற அதே துணி. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

தளவாய்புரத்திலிருந்து அவன் பெண்டாட்டி செல்லக்கனி வந்து சேர்ந்தாள். நைட்டி தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடிவந்திருக்கிறாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது, ரவிக்கையில் ஊசி குத்தியிருந்தது. "மதினி, ஒங்களையும் அண்ணனையும் நம்பித்தான அனுப்புதேன்" என்றாள். ரோசம்மாளுக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது.

சத்தியநேசன் வராந்தாவில் ஈரச் சட்டையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எப்படிங்க ஆச்சு?"

"அந்தப் பேனா."

"என்ன பேனா?"

"அவன் வச்சிருக்கானே, கத்துற பேனா. அது பொய் சொல்லிருச்சு ரோசு. கரண்ட் இல்லன்னு சொல்லிருச்சு. இவன் கைய வச்சுட்டான்."

கேட்டுக்கொண்டிருந்த செல்லக்கனி உள்ளே ஓடினாள். நர்ஸ் கொடுத்திருந்த பையில் வேதத்தின் கிழிந்த சட்டை, வாட்ச், செருப்பு ஒன்று, அந்தப் பேனா எல்லாம் இருந்தன. பேனாவை எடுத்து ஜன்னல் வழியாகச் சாக்கடையில் எறியப் போனாள். ரோசம்மாள்தான் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "அவன் ஆசையா வச்சிருந்ததுட்டி. அவன் முழிச்சு எறியச் சொன்னா எறிவோம்" என்றாள்.

இந்த இடத்தில் பேனாவைப் பற்றியும் சத்தியநேசனின் விளக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ராஜபாளையத்தில் சத்தியநேசனைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய விளக்கைத் தெரியும். ஒரு ஹோல்டர், அதில் நூறு வாட்ஸ் பல்பு, பல்பு உடையாமலிருக்க சைக்கிள் ஸ்போக்கை வளைத்துப் பின்னிய ஒரு கூடு, இரண்டு நீள வயர், வயர் நுனியில் செம்புக் கம்பி. அவ்வளவுதான் சமாசாரம். இரண்டு நுனியையும் லைனில் வைத்தால் பல்பு எரியும். எரிந்தால் கரண்ட் உண்டு, எரியாவிட்டால் இல்லை. எல்லா வயர்மேன் சட்டைப் பையிலும் இருக்கிற சின்ன டெஸ்டரை அவர் மதிப்பதில்லை. "அது ஈரச் சொவத்துலயே மினுக்கும். நூறு வாட்ஸ் எரியணும்னா தெம்பு வேணும்லா? தெம்பு இருந்தாத்தான் அது கரண்ட்" என்பார்.

அதோடு அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. விளக்கு எரியவில்லை என்று கண்டதும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். வலது புறங்கையால் அந்த வயரை ஒரு தடவை ஒற்றுவார். ஒன்றும் ஆகாவிட்டால் கோயிலில் ஜெபம் முடிந்த மாதிரி, "ஆமென்" என்பார். அதற்குப் பிறகுதான் கூட வேலை பார்க்கிறவன் கை வைக்க வேண்டும். சோதித்துப் பார்த்தவன் எவனோ அவன் கைதான் முதல் கை. "அடுத்தவன் கையக் கொண்டு பாக்கது பாவம்" என்பது அவர் கட்சி. மில் ஆட்கள் கேலி செய்வார்கள். ஆனால் சத்தியநேசன் ஆமென் சொன்ன வயரைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுவார்கள்.

வேதத்துக்கு அந்தப் பேனாவை துபாயிலிருந்து வந்த கூட்டாளி ஒருவன் கொடுத்தான். வயரைத் தொடவே வேண்டாம். பக்கத்தில் கொண்டுபோனால் போதும், நுனியில் சிவப்பாக மின்னி, கிய்யா கிய்யா என்று கத்தும். வந்த புதிதில் அதை எல்லார் முகத்துக்கு நேராகவும் நீட்டி விளையாடினான். சுவருக்குள் ஓடுகிற வயரைக்கூடக் கண்டுபிடித்தான். ஒரு தடவை மில் குவார்ட்டர்ஸில் கரண்ட் இல்லாத செத்த வயர் ஒன்றைக் காட்டி அது விடாமல் கத்தியது. பக்கத்தில் ஓடிய உயிர் வயரின் வாடைக்கு அப்படிக் கத்தியிருக்கிறது. கோளாறைத் தேடி அரைநாள் வீணாகப் போனது. அன்றைக்கு சத்தியநேசனுக்குக் கேலி பேச வாய் நிறையக் கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோசம்மாள் மாங்காய் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்து சாப்பாட்டை விட்டுவிட்டு வழக்காடினார்கள்.

"மாப்ளே, ராஜபாளையம் நாயின்னா திருடனப் பாத்துக் கொலைக்கணும். ஒன் பேனா எல அசைஞ்சாலே கொலைக்குது."

"கொலைச்சுட்டுப் போகட்டும் அத்தான். கரண்ட் இருக்கும்போது என்னைக்காவது சும்மா இருந்திருக்கா? இல்லாதப்பக் கத்தினா அரைநாள் போகும். இருக்கும்போது சும்மா இருந்தால்லா ஆளு போகும்?"

"என் வெளக்கு மட்டும் இருக்கும்போது சும்மா இருக்குமோ?"

"இருக்கும். ஒங்க வெளக்கு எரியணும்னா வார வயரும் வேணும், திரும்பிப் போற வயரும் வேணும். போற வயரு அந்துபோச்சுன்னு வைங்க. வார வயருல கரண்ட் நின்னுக்கிட்டுதான் இருக்கும். ஒங்க வெளக்கு ஊமையாட்டம் தொங்கும்."

"போற வயரு எதுக்குல அறுது?"

"அறாட்டாலும் வார வயரு பியூஸ விட்டுட்டுப் போற வயரு பியூஸ மாத்திப் புடுங்கிட்டா அதே கததான?"

"நான் மாத்திப் புடுங்குவேனா? இருவத்தஞ்சு வருசமாப் புடுங்குதேன்."

"நீங்க மாத்த மாட்டிய. கம்பத்துல எவனாவது வயர மாத்திக் கட்டிருந்தா?"

சத்தியநேசன் ஒரு மாங்காய்த் துண்டைச் சப்பிக் கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "அதுக்குத்தானல கை வச்சுப் பாக்கேன். வெளக்கும் தப்பும், ஒன் பேனாவும் தப்பும். கடைசில கை சொல்லணும். எதுக்கு ஆமென்னு சொல்லுதேன்னு நெனச்ச?"

வேதம் சிரித்துவிட்டான். "அது சரிதான் அத்தான். அந்த ஆமென் இருக்கங்காட்டியும் நான் ஒண்ணும் பேசல. அக்கா, கொழம்பு ஊத்துக்கா." ரோசம்மாளுக்கு அன்று இரண்டு பேரையும் பார்த்துப் பெருமையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் வேதம் மறுநாள் மத்தியானம்தான் கண் திறந்தான். ஆளைத் தெரிந்தது. ஆனால் பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் வந்து ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கருகிவிட்டன, எடுத்தாக வேண்டும் என்றார். வலது கை. ஸ்குரூ டிரைவர் பிடிக்கிற கை. செல்லக்கனி தலையில் அடித்துக்கொள்ளவில்லை, கத்தவில்லை. தன் வலது கையைத் தூக்கி அந்த இரண்டு விரலையும் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோசம்மாளால் அதைப் பார்க்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டாள்.

விரலை எடுத்த மறுநாள் அவனுக்குப் பேச்சு வந்தது. பன்னைப் பாலில் நனைத்து அவள் ஊட்டிக்கொண்டிருந்தாள். சத்தியநேசன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நாலு நாளாக அவர் அங்கேதான் நின்றார், தலைமாட்டுப் பக்கம் வரவே இல்லை.

"பேனா மக்கர் பண்ணிருச்சுக்கா" என்றான் வேதம் மெதுவாக. "பேட்டரி இல்லையோ என்னவோ. கத்தவே இல்ல. நான்தான் அவசரப்பட்டுக் கைய வச்சேன். அத்தான் பேருல ஒரு தப்பும் இல்ல."

சத்தியநேசன் விறுவிறுவென்று வெளியே போனார். அழத்தான் போகிறார் என்று ரோசம்மாள் நினைத்தாள். பாவமாக இருந்தது.

வேலை நடந்த வீட்டில் ஏணியும் சாமான் பையும் அப்படியே கிடந்தன. எடுத்து வரச் சொன்னால் சத்தியநேசன், "பொறவு பாப்போம்" என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். சாமானைப் பிள்ளை மாதிரி பார்க்கிற மனுஷன் இப்படிச் சொல்வது ரோசம்மாளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சரி, அந்த வீட்டு வாசலை மிதிக்க மனசு வரவில்லை போலிருக்கிறது என்று தானே கிளம்பினாள்.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது பங்கஜவல்லி மாமி வீடு. வீட்டிலேயே பால்கோவா கிண்டிக் கடைகளுக்குப் போடுகிறவர். விறகடுப்புப் புகை வெளியேற காற்றாடி மாட்டத்தான் இவர்களைக் கூப்பிட்டிருந்தார். ரோசம்மாள் யாரென்று சொன்னதும் மாமி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீதான் அக்காவா? எப்படிம்மா இருக்கான் குழந்தை? கண்ணை மூடினா அந்தச் சத்தம்தான் கேக்கறது. அன்னிலேர்ந்து நான் அந்த அடுப்பை மூட்டலை."

"விரலு ரெண்டு எடுத்துட்டாவ மாமி. உசுருக்குப் பயமில்ல."

"பெருமாளே." மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "போன மாசம் மழையிலே கம்பத்து வயர் அறுந்துடுத்து. யாரோ ஒருத்தனைக் கூட்டிண்டு வந்து கட்டச் சொன்னோம். கடங்காரன் மாத்திக் கட்டிட்டானாம். நேத்து வேறொரு வயர்மேன் வந்து பார்த்துச் சொல்றான். உங்காத்துக்காரர் எப்பவும்போல பியூஸைப் பிடுங்கியிருக்கார், அது திரும்பிப் போற வயராப் போயிடுத்தாம். நேக்கு என்னம்மா தெரியும்?"

ரோசம்மாளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வந்தது. கம்பத்துல எவனாவது மாத்திக் கட்டிருந்தா? தம்பி கேட்டது அப்படியே காதில் விழுந்தது.

"அந்தப் பேனாவும் பொய் சொல்லிருச்சே மாமி" என்றாள்.

"எந்தப் பேனா? அவன் வச்சிண்டிருந்தானே, அதுவா? அது நன்னாக் கத்தித்தே. கிய்யா கிய்யான்னு கத்திண்டே இருந்தது. உங்காத்துக்காரர்தான், 'அதைப் பையில போடு மாப்ளே, மண்டைய வலிக்கு'ன்னார்."

ரோசம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்துச்சா?"

"கத்தித்தும்மா. இதோ இங்கேதானே நின்னுண்டிருந்தேன்."

"அப்ப அவிய... அவிய ஏணில ஏறித் தொட்டுப் பாத்தாவளா மாமி?"

"ஏறினார். ஒரு நாலு படி ஏறியிருப்பார். மேலே பார்த்துண்டே நின்னார் செத்த நேரம். அப்புறம் முட்டி வலிக்கறதுன்னு எறங்கிட்டார். குழந்தைதான் மேலே போனான். 'ஆமென் இன்னும் வரலையே அத்தான்'னு சிரிச்சான். இவர் கீழே நின்னுண்டே ஆமென்னார். நானும் சிரிச்சேம்மா. போன வருஷம் இங்கே வேலை பார்த்தப்போ கேட்டுக் கேட்டு அது நேக்கே பழகிப்போச்சு." மாமிக்குக் குரல் உடைந்தது. "சிரிச்சு வாயை மூடலை. அதுக்குள்ளே..."

அந்த ஆமெனுக்கு என்ன அர்த்தம் என்று பாவம், மாமிக்குத் தெரியாது. ரோசம்மாளுக்குத் தெரியும். இருபது வருஷமாகத் தெரியும்.

சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஏணிக்கு ஆள் அனுப்புகிறேன் என்றாள். மாமி கையில் திணித்த பால்கோவாப் பொட்டலத்தோடு எப்படி ஆஸ்பத்திரிக்கு வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. செல்லக்கனி துணி அலசப் போயிருந்தாள். வேதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"ஏலே, பேனா கத்துச்சாமே."

அவன் திரும்பினான். முகமே சொல்லிவிட்டது.

"அத்தான் மேல ஏறல. கீழ நின்னு ஆமென் சொல்லிருக்காவ. அதக் கேட்டுட்டா நீ கைய வச்ச?"

"ஆமென்னு சொன்ன பொறவு எப்படிக்கா வைக்காம இருக்க?"

"நீ எதுக்குல பொய் சொன்ன?"

"விரலு போச்சு. போனது போகட்டும். அத்தான் பேரும் போகணுமா? நீ அவிய கூடத்தானக்கா குடியிருக்கணும்." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "செல்லக்கனிட்ட சொல்லிராத. அவ தாங்க மாட்டா."

பால்கோவாவில் ஒரு துண்டைக் கிள்ளி அவன் வாயில் வைத்தாள். அவன் சின்னப் பிள்ளை மாதிரி தின்றான். அக்கா குடும்பத்துக்காக விரல் போன கையை வைத்துக்கொண்டு தம்பி பொய் சொல்கிறான், விரல் பத்தும் உள்ள மனுஷன் கால்மாட்டில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபம்கூட இன்னும் வரவில்லை. அதிர்ச்சிதான் வந்தது. இந்த மனுஷனோடா இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று திகைப்பாக இருந்தது.

ஆனாலும் ஒரு சந்தேகம் அவளை விடவில்லை. ஒருவேளை நிஜமாகவே முட்டி வலியாக இருந்தால்? விளக்கை அவ்வளவு நம்பியதால்தான் இறங்கினார் என்றால்? சோம்பலில் செய்த தப்பு என்றால் ஒரு மாதிரி. தெரிந்து செய்தது என்றால் அது வேறு. இது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். வாயால் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் சத்தியநேசன் குளிக்க வீட்டுக்கு வந்திருந்தார். மழை விட்டு வெயில் அடித்தது. அவர் கொல்லையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ரோசம்மாள் முன்னறைச் சுவரில் இருந்த மரப்பலகைக்குப் போனாள். அதில் இரண்டு பீங்கான் பியூஸ். சிவப்புப் பெயிண்ட் பொட்டு வைத்தது கரண்ட் வருகிற வயருக்கு. பொட்டில்லாதது திரும்பிப் போகிற வயருக்கு. அவர் வெளியூர் வேலைக்குப் போன நாட்களில் பியூஸ் போனால் அவள்தான் கட்டுவாள், அதனால் எல்லாம் அத்துப்படி. பொட்டில்லாததைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி நின்றது.

சத்தியநேசன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"மிக்ஸி ஓடல. அந்த பிளக்கு லூசாக் கெடக்கு. செத்த பாத்துட்டுப் போங்க" என்றாள்.

"காத்தாடியும் நிக்கி. கரண்ட் போயிருக்கும்."

"போயிருந்தா நல்லதுதான. பாத்துட்டுச் சொல்லுங்க, நான் முடுக்கிக்கிடுதேன்."

சாமான் பையிலிருந்து அவர் விளக்கை எடுத்தாள், நீட்டினாள். அதைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பங்கஜவல்லி மாமி வீட்டிலிருந்து வந்த பை அல்லவா. ஆனாலும் வாங்கிக்கொண்டார். பிளக் பலகையின் மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு வயரும் பித்தளைத் திருகில் பளிச்சென்று தெரிந்தன. இரண்டு நுனியையும் வைத்தார். பல்பு எரியவில்லை.

"இல்ல. கரண்ட் இல்ல" என்றார்.

"அப்ப தொட்டுட்டு ஆமென் சொல்லுங்க."

"எதுக்கு?"

"பாத்தவிய கைதான மொதக் கை. நான் அந்தத் திருக முடுக்கணும். நீங்க தொட்டுட்டுச் சொல்லுங்க, நான் கை வைக்கேன்."

சத்தியநேசன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வலது புறங்கையை நீட்டினார். தொட்டுவிடுவாரோ என்று ரோசம்மாள் ஒரு எட்டு கிட்டே வந்தாள். பாண்டேஜ் சுற்றுகிற மரக்கட்டை அவள் கையில் இருந்தது. கை இன்னும் ஒரு அங்குலம் போனால் தட்டிவிட வேண்டும் என்று ஓங்கிப் பிடித்திருந்தாள்.

தட்டிவிட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கை பாதி வழியில் நின்றது.

"ஏன், தொட வேண்டியதுதான? ஒங்க வெளக்கு எரியலயே."

"ரோசு..."

"இருவத்தஞ்சு வருசமாத் தொட்டியளே."

அவள் இடுப்பில் செருகியிருந்த பேனாவை எடுத்து அந்த வயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சிவப்பாக மின்னிக்கொண்டு அது கத்தியது. கிய்யா கிய்யா. பேட்டரியும் இருந்தது, கோளாறும் இல்லை. சமையலறை முழுக்க அந்தச் சத்தம்.

"இப்படித்தான கத்துச்சு அன்னைக்கும்?"

அவர் நெருப்பைத் தொட்டவர் மாதிரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தார்.

"நாலு படி ஏறுனேன் ரோசு. அது கத்துன கத்துல எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. இருவத்தஞ்சு வருசத்துல மொத தடவ. அந்தக் கை மேல போகமாட்டேன்னுட்டு. எறங்கிட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "எறங்கின பொறவு, ரெண்டு பியூஸையும் புடுங்குதேன், இருலே மாப்ளேன்னு சொல்லிருக்கலாம். ஒரு நிமிச வேல. அவன் பேனா செயிச்சுருமேன்னு... அந்தம்மா வேற பாத்துக்கிட்டு நிக்காவ. ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன். அவன் ஆமென் கேட்டான். சொல்லிட்டேன்."

ஆக, பயந்து இறங்கியிருக்கிறார். தான் தொடப் பயந்த வயரை அவள் தம்பியைத் தொடச் சொல்லியிருக்கிறார். அதுவும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி. இந்த வீட்டில் நின்று கத்தினால் ராஜு வீட்டம்மா மதில் மேல் தலையை நீட்டுவார். கத்தவில்லை.

முன்னறைக்குப் போய் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பியூஸை மறுபடி செருகினாள். காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. திரும்பி வந்து பார்த்தால், சத்தியநேசன் அந்த இரண்டு நுனிகளையும் மறுபடி திருகில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மடியில் கூட்டுக்குள் நூறு வாட்ஸ் பல்பு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.

அவள் அவர் கையிலிருந்து வயரை வாங்கிச் சுருட்டினாள். பலகையின் மூடியை மாட்டினாள். கொடியிலிருந்து சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"சட்டையப் போடுங்க. பஸ்ஸப் பிடிக்கணும். செல்லக்கனி அங்கதான் இருக்கா."

"அவகிட்ட நான் என்னன்னு சொல்ல ரோசு?"

"நாலு படி ஏறி எறங்குனேன்னு சொல்லுங்க."